மலைக்குளிரில் பியர்டட் டிராகனுக்கு எந்தக் கரப்பான் சரி?

கோத்தகிரி_தேயிலை

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் எட்டு மாத பியர்டட் டிராகன் (ஆஸ்திரேலியப் பல்லி இனம்) ஒன்று வளர்கிறது. கோவையில் ஒருவரிடம் வாங்கியது. இதுவரை கிரிக்கெட் பூச்சியும் சூப்பர்வோர்ம் என்ற வண்டுப் புழுவும்தான் தீனி. கிரிக்கெட் கீழிருந்து மேலே வந்து சேர்வதற்குள் பாதி செத்துவிடுகிறது. மிச்சமிருப்பது ராத்திரி முழுக்கக் கத்துகிறது, தொட்டியில் விட்டுவைத்தால் டிராகனின் விரலையும் கடிக்கிறது. சூப்பர்வோர்ம் கொழுப்பு அதிகம், தினமும் கொடுக்காதீர்கள் என்கிறார்கள்.

அதனால் கரப்பானுக்கு மாறலாம் என்று நினைக்கிறோம். டூபியா, டிஸ்காய்ட், ரெட் ரன்னர், லாப்ஸ்டர் என்று நான்கு பெயர் காதில் விழுகிறது. படிக்கும் குறிப்புகள் எல்லாம் சென்னை, பெங்களூர்க்காரர்கள் எழுதியவை. எங்கள் வீட்டில் டிசம்பரில் ராத்திரி 12 டிகிரிக்குப் போகிறது. பகலில் வெயில் இல்லாவிட்டால் 17, 18-ஐத் தாண்டாது. இந்தக் குளிரில் எந்தக் கரப்பான் பிழைக்கும்? வாங்கி வாங்கிக் கொடுப்பதா, நாமே பெருக்குவதா? இன்னொன்று, என் மாமியாருக்கு ஒரே பயம்: தப்பித்து சமையலறைக்குள் போய்விட்டால் என்ன செய்வது? அவர் கேட்பதும் நியாயம்தான். மலையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பண்ணைக்காடு_காபி

வணக்கம் மேடம். நான் பழனி மலையின் கீழ்ப்பகுதியில் இருக்கிறேன். உங்களைவிடக் கொஞ்சம் சூடான இடம், ஆனாலும் பிரச்சினை ஒன்றேதான். என் பதில் டூபியா. அதைப் பெருக்க வேண்டாம், வாங்கி வைத்துக் கொடுங்கள். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

டூபியா தென் அமெரிக்காவின் பூச்சி. அர்ஜென்டினா, பராகுவே பக்கத்துச் சூட்டுக்குப் பழகியது. வளர்ந்தது நாலு, நாலரை சென்டிமீட்டர் வரும். ஆணுக்கு முழு இறக்கை உண்டு, பெண்ணுக்கு இறக்கை வெறும் துண்டு. ஆணும் சரியாகப் பறக்காது, உயரத்திலிருந்து விழும்போது படபடவென்று அடித்துக்கொண்டு இறங்கும், அவ்வளவுதான். வழவழப்பான கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் அதனால் ஏற முடியாது. இந்த ஒரு குணத்துக்காகவே நான் அதைத் தேர்ந்தெடுப்பேன். ஒரு சாதாரண பிளாஸ்டிக் டப்பாவின் சுவரே அதற்குச் சிறை.

அடுத்தது, அது வெளியே முட்டை இடுவதில்லை. முட்டைக்கூட்டை வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்து குட்டிகளாக ஈனும். ஒரு ஈற்றுக்கு 20-இலிருந்து 35 குட்டி வரை. ஆனால் அதற்கு 28, 30 டிகிரி சூடு தொடர்ந்து வேண்டும். சூடு 20-ஐச் சுற்றியே நின்றால் இனப்பெருக்கம் கிட்டத்தட்ட நின்றுவிடும். கோத்தகிரி வீட்டில் ஒரு டூபியா தப்பித்து அலமாரிக்கு அடியில் போனால், அது அங்கே குடும்பம் நடத்தப் போவதில்லை. கொஞ்ச காலத்தில் செத்துக்கிடக்கும். உங்கள் மாமியாரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

நம் வீட்டுச் சமையலறைக் கரப்பான் வேறு இனம், டூபியா வேறு இனம். இரண்டும் கலந்து பெருகவும் முடியாது.

பெருக்க வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணமும் அதே குளிர்தான். பெட்டிக்கு வருஷம் முழுக்கச் சூடு கொடுக்க வேண்டும். மாறாக, வாங்கிய குட்டிகளை 18, 20 டிகிரியில் வைத்தால் அவை சாகாது, மெதுவாக வளரும். அது நமக்கு லாபம்தான், ஏனென்றால் சரியான அளவில் வாங்கிய குட்டி வாரக்கணக்கில் அதே அளவிலேயே நிற்கும்.

வெயில்தேடி

நான் கொடைக்கானலுக்குக் குடிவந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. அண்ணன் டூபியா நல்லது என்றார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரெட் ரன்னரை அப்படியே ஒதுக்கிவிடாதீர்கள். டூபியாவின் பெரிய குறை, அது அசையாது. பயந்தால் செத்ததுபோல் கிடக்கும், இல்லாவிட்டால் மரத்துண்டுக்கு அடியில் நுழைந்துகொள்ளும். டிராகனின் கண் அசைவைத்தான் பிடிக்கிறது. எங்கள் டிராகன் டூபியாவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். ரெட் ரன்னரை விட்டால் தொட்டி முழுக்க ஓடிப் பிடிக்கிறது. நல்ல உடற்பயிற்சி. ரெட் ரன்னரும் கண்ணாடியில் ஏறாது. அதன் மேலோடும் மென்மையானது, குட்டி டிராகனுக்கு எளிதாகச் செரிக்கும். சீக்கிரம் பெருகுகிறது, விலையும் குறைவு. பிறகு ஏன் வேண்டாம்?

பண்ணைக்காடு_காபி

தம்பி, நீங்கள் சொன்ன நல்ல குணங்கள் எல்லாம் உண்மைதான். வேண்டாம் என்பதற்கு ஒரே காரணம் முட்டைக்கூடு.

ரெட் ரன்னர் மத்திய ஆசியா, மேற்கு ஆசியாவின் பூச்சி. துர்கெஸ்தான் கரப்பான் என்றும் சொல்வார்கள். அது முட்டைக்கூட்டை வெளியே போட்டுவிடும். பயறு அளவில் கரும்பழுப்பாக இருக்கும் அந்தக் கூட்டை பெட்டிக்குள் வைக்கும் முட்டை ட்ரே அட்டையின் இடுக்கிலும் கழிவுத் தூளிலும் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். பெட்டியைச் சுத்தம் செய்து தூளைத் தோட்டத்தில் கொட்டினால் கூடும் சேர்ந்து போகும். தாய்ப்பூச்சி செத்தாலும் கூடு பொரிக்கும். 1978-இல் கலிபோர்னியாவில் முதலில் பார்த்த இந்தப் பூச்சி, பிறகு அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களில் தண்ணீர் மீட்டர் குழிகளிலும் தோட்டத் தொட்டிகளுக்கு அடியிலும் பரவி, அங்கே ஏற்கெனவே இருந்த ஓரியன்டல் கரப்பானையே பல இடங்களில் ஓரங்கட்டிவிட்டது. குளிர்காலம் உள்ள ஊர்களிலும் வாழக்கூடியது அது.

கொடைக்கானல் ஊருக்குள் குளிர் அதைத் தடுக்கலாம். ஆனால் விறகடுப்பு எரியும் சமையலறையும், ஹோட்டல் பேக்கரியின் அடுப்பு மூலையும் குளிராக இருக்குமா? பெருமாள்மலைக்குக் கீழே இறங்கினால் சூடு கூடிக்கொண்டே போகிறது. நம் மலைகளில் சீகை மரமும் உண்ணிச் செடியும் செய்திருக்கிற வேலையைத் தினமும் பார்க்கிறோம். கொண்டுவந்தவர்கள் யாரும் கெடுதல் நினைத்துக் கொண்டுவரவில்லை. இன்னொன்றை நாம் சேர்க்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

டூபியா அசையாததற்கு வழி இருக்கிறது. விளிம்பு உயரமான வழவழப்பான பீங்கான் கிண்ணத்தில் போடுங்கள். ஏற முடியாமல் சுற்றிச் சுற்றி நடக்கும், டிராகன் மேலிருந்து பார்த்துப் பிடிக்கும். இடுக்கியால் பிடித்து ஆட்டிக் காட்டினாலும் வாங்கிக்கொள்ளும். புதிதாகத் தோலுரித்த டூபியா வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். பிடிவாதம் பிடிக்கும் டிராகனுக்கு முதலில் அதைக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதிலிருந்து பழகிவிடும்.

கூடலூர்_மழை

கூடலூரிலிருந்து எழுதுகிறேன். நீலகிரி என்றால் எல்லாமே ஊட்டிக் குளிர் இல்லை. நாங்கள் இருப்பது ஆயிரம் மீட்டர் உயரத்தில், ஊட்டியோ இரண்டாயிரத்து இருநூறுக்கு மேல். எங்கள் ஊரில் கோடையில் டூபியா பெட்டிக்குச் சூடே தேவைப்படுவதில்லை. அதனால் தப்பித்தால் தானாகச் செத்துவிடும் என்ற நம்பிக்கை எங்களுக்குப் பொருந்தாது. கூடலூர், பந்தலூர், மேட்டுப்பாளையம், தாண்டிக்குடி அடிவாரம் பக்கம் இருப்பவர்கள் டூபியாவைக்கூடக் கவனமாகத்தான் வைக்க வேண்டும். அமெரிக்காவில் புளோரிடா மாநிலம் டூபியாவை அனுமதிப்பதில்லை. அங்கே அதற்குப் பதிலாக டிஸ்காய்ட்தான் வளர்க்கிறார்கள். சூடும் ஈரமும் உள்ள ஊர் என்பதால் அந்த எச்சரிக்கை.

டிஸ்காய்ட் பற்றிக் கேட்டீர்கள். அதுவும் குட்டி ஈனும் இனம், வழவழப்பில் ஏறாது, டூபியாவைவிடக் கொஞ்சம் பெரிது, கொஞ்சம் சுறுசுறுப்பு. ஆனால் சூடும் ஈரமும் கூடுதலாகக் கேட்கும், நம் பக்கம் கிடைப்பதும் அரிது. கிடைத்தால் வாங்கலாம், தேடி அலைய வேண்டிய அளவுக்கு வித்தியாசம் இல்லை.

லாப்ஸ்டர் வேண்டவே வேண்டாம். கண்ணாடியில் நேராக ஏறும். பெட்டியின் விளிம்பில் வாசலின் தடவி நிறுத்தலாம் என்பார்கள். நம் மழைக்காலத்தில் அந்த வாசலின்மேல் தூசியும் ஈரமும் படிந்து பாலம் போட்டுவிடும். மடகாஸ்கர் ஹிஸ்ஸிங் கரப்பானும் ஏறக்கூடியது. அதைத் தனியாக வளர்க்க ஆசையிருந்தால் வளர்க்கலாம், தீனிக்கு ஆகாது.

இன்னொரு விஷயம், பெட்டியின் கழிவைக் கொட்டுவது பற்றி. டூபியாவின் கழிவுத் தூள் ரோஜாவுக்கு நல்ல உரம், ஆனால் பிறந்த குட்டி சில மில்லிமீட்டர்தான் இருக்கும், தூளோடு தூளாகப் போய்விடும். நாங்கள் தூளைப் பையில் கட்டி இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்துவிட்டுத்தான் செடிக்குப் போடுகிறோம். எந்த இனமாக இருந்தாலும் இதைச் செய்யுங்கள். வேண்டாத பூச்சிகளையும் ஃப்ரீசரில் வைத்துத்தான் அப்புறப்படுத்த வேண்டும். சோலை ஓரத்தில் கொண்டுபோய் விடுவது பாவம் பார்ப்பது ஆகாது.

வெயில்தேடி

கூட்டை நான் யோசிக்கவே இல்லை. சரி அண்ணா, ரெட் ரன்னர் வேண்டாம். அப்புறம் ஒரு சந்தேகம். வத்தலகுண்டு பக்கம் காய்ந்த காட்டில் கறுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட அழகான கரப்பான் ஒன்று இலைச் சருகில் இருக்கும். நம் ஊர்ப் பூச்சிதானே, அதைக் கொடுத்தால் வெளிநாட்டுப் பூச்சிப் பிரச்சினையே இல்லையே? விறகுக் கட்டுக்கு அடியிலும் கரப்பான் நிறைய கிடைக்கிறது.

பண்ணைக்காடு_காபி

அது டாமினோ கரப்பான். தென்னிந்தியாவின் முட்காடுகளுக்கே உரியது. குட்டிப் பருவம் முழுக்க மண்ணுக்குள் கழியும், வளர்ச்சி மிக மெதுவு. தொந்தரவு செய்தால் காரமான வாடையுள்ள திரவத்தை விடும். தீனிக்குக் கொஞ்சமும் பொருந்தாது. அது காட்டில் இருக்கட்டும். விறகுக்கட்டுக் கரப்பான் பற்றி டாக்டர் வந்தால் சொல்வார், அவரையும் இந்த உரையாடல் இழைக்குக் கூப்பிட்டிருக்கிறேன்.

கால்நடை_டாக்டர்

கூப்பிட்டதற்கு நன்றி. இழை முழுக்கப் படித்தேன். இனத் தேர்வில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மலையில் என்னிடம் வரும் டிராகன்களின் நோய்க்குக் கரப்பான் இனம் காரணமாக இருப்பது குறைவு. கரப்பானைச் செரிக்க முடியாத குளிரும், கால்சியம் இல்லாத தீனியும்தான் முக்கால்வாசிக் காரணம்.

பியர்டட் டிராகன் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலத்து விலங்கு. உடம்புச் சூட்டை அது வெளியிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. விளக்கடியில் அது படுக்கும் கல் 40 டிகிரி அளவில் இருக்க வேண்டும், தொட்டியின் மறுமுனை 25-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ராத்திரி 18 வரை இறங்கலாம். அதற்குக் கீழே போகும் வீடுகளில் வெளிச்சம் வராத செராமிக் ஹீட்டரை, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு போடுங்கள். நான்கு பக்கமும் கண்ணாடி உள்ள தொட்டி கோத்தகிரியில் சூட்டைத் தக்கவைக்காது. மூன்று பக்கம் பிளைவுட் உள்ள பெட்டி நல்லது.

தீனி நேரம் முக்கியம். காலையில் விளக்கு போட்டு ஒரு மணி நேரம் குளிர்காய்ந்த பிறகு கொடுங்கள். மதியத்துக்குப் பிறகு பூச்சி வேண்டாம். வயிறு நிறைந்த டிராகன் ராத்திரி 12 டிகிரியில் கிடந்தால் தீனி செரிக்காமல் உள்ளேயே அழுகும். வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மரம் விழுந்து கரண்ட் போவது வழக்கம். கரண்ட் போய் எப்போது வரும் என்று தெரியாத நாளில் பூச்சியே கொடுக்காதீர்கள். ஆரோக்கியமான டிராகன் இரண்டு நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. செரிக்காத பூச்சிதான் ஆபத்து.

பூச்சியின் அளவு: டிராகனின் இரண்டு கண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளிக்கு மேல் போகக் கூடாது. எட்டு மாதத்துக்கு நடுத்தரக் குட்டிகள் சரி, முழு வளர்ச்சி அடைந்த ஆண் டூபியா வேண்டாம். தினம் ஒரு வேளை, பத்து நிமிடத்தில் தின்கிற அளவு, கூடவே எப்போதும் கீரை. ஒரு வயது தாண்டியதும் பூச்சியை வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாகக் குறைத்து, தட்டில் முக்கால்வாசி கீரையும் காயுமாக மாற்றுங்கள். டூபியாவில் புரதம் அதிகம். வளர்ந்த டிராகனுக்குத் தினமும் கொடுத்தால் யூரிக் அமிலம் கூடி, மூட்டிலும் சிறுநீரகத்திலும் படிய வாய்ப்பு உண்டு. குண்டாவதும் நடக்கும்.

டூபியாவில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். எல்லாக் கரப்பானும் அப்படித்தான். அதனால் கால்சியம் தூளில் புரட்டிக் கொடுப்பது கட்டாயம். நல்ல யுவிபி (புற ஊதாக் கதிர்) குழல்விளக்கு இருந்தால் வைட்டமின் டி3 கலக்காத கால்சியம் பெரும்பாலான நாளுக்குப் போதும், டி3 கலந்தது வாரத்துக்கு ஒரு முறை. ஜன்னல் வெயில் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். கண்ணாடி யுவிபியை மறித்துவிடும். மலை வெயிலில் யுவிபி சமவெளியைவிட அதிகமாகவே உண்டு, ஆனால் அது டிராகனின் தோலில் நேராகப் பட்டால்தான் பயன். காற்று இல்லாத பகலில் கொஞ்ச நேரம் வெளியே வைக்கலாம், கூடவே ஆள் இருக்க வேண்டும். நம் ஊர்ப் பருந்துக்கும் காகத்துக்கும் ஒரு நொடி போதும்.

விறகுக்கட்டுக் கரப்பான், தோட்டத்து வெட்டுக்கிளி எல்லாம் வேண்டாம். ஒட்டுண்ணி ஒரு பக்கம், தேயிலைக்கும் காய்கறிக்கும் அடிக்கும் மருந்து இன்னொரு பக்கம். எல்லாவற்றையும்விட முக்கியமானது மின்மினிப்பூச்சி. ஒரே ஒரு மின்மினி ஒரு பியர்டட் டிராகனைக் கொல்லப் போதும். சில மின்மினிகளின் உடலில் உள்ள லூசிபுபாகின் என்ற நஞ்சு இதயத்தைத் தாக்கும். கோடை மழைக்குப் பிறகு மின்மினி வரும் ஊர்களில் ராத்திரி ஜன்னலைத் திறந்துவைத்தால் தொட்டியின் மேல்மூடி கட்டாயம் இருக்க வேண்டும். குழந்தைகளிடமும் சொல்லிவையுங்கள், ஆசையாகப் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள்.

கோத்தகிரி_தேயிலை

டாக்டர், மிக்க நன்றி. மின்மினி விஷயம் எங்களுக்குத் தெரியாது, ஏப்ரலில் எங்கள் ஹட்டியை (சிற்றூரை) சுற்றி நிறைய வரும். இன்றே வலை மூடி போட்டுவிடுகிறோம்.

கரப்பானுக்கு என்ன சாப்பாடு? எங்களிடம் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் எப்போதும் இருக்கும். கொல்லையில் சௌசௌ கொடி இருக்கிறது. பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) மரமும் இருக்கிறது, கீழே விழுவது வீணாகப் போகிறது.

கூடலூர்_மழை

பட்டர் ஃப்ரூட் கூடவே கூடாது! டிராகனுக்கு அது நஞ்சு. கரப்பான் வயிற்றில் இருந்தாலும் டிராகனின் வயிற்றுக்குத்தானே போகப் போகிறது. ரூபார்ப் செடி வைத்திருப்பவர்கள் அதன் இலையையும் போடாதீர்கள்.

சௌசௌ அருமை. நான் தண்ணீர்க் கிண்ணமே வைப்பதில்லை, குட்டிகள் விழுந்து மூழ்கிவிடும். இரண்டு துண்டு சௌசௌ போட்டால் ஈரம் அதிலேயே கிடைத்துவிடும். சுரைக்காய், பூசணியும் அப்படித்தான். ஆரஞ்சுத் துண்டு போட்டால் கூட்டமாக வந்து மொய்க்கும். கேரட் நல்லதுதான், ஆனால் எந்தத் தோட்டத்துக் கேரட் என்று தெரிய வேண்டும். மருந்து அடித்து ஒரு வாரம்கூட ஆகாமல் மண்டிக்கு வருவது உண்டு. பூச்சிக்கொல்லியை பூச்சிக்கே கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நன்றாகக் கழுவித் தோலைச் சீவிப் போடுங்கள். கோஸின் வெளி இலையை எறிந்துவிடுங்கள். உங்கள் கொல்லையில் மருந்து அடிக்காமல் விளைவதே முதல் தரம்.

காய்ந்த தீனிக்குக் கோதுமைத் தவிடு, ஓட்ஸ், கொஞ்சம் பொட்டுக்கடலை மாவு. நாய் பிஸ்கட்டைப் பொடித்துப் போடச் சொல்வார்கள், நான் போடுவதில்லை. டாக்டர் சொன்ன யூரிக் அமிலம்தான் காரணம், கரப்பான் அதிகப் புரதத்தை யூரிக் அமிலமாகத் தன் உடம்பிலேயே சேமித்துவைக்கும். டிராகனுக்குக் கொடுப்பதற்கு முதல் நாள் மட்டும் முருங்கைக் கீரை, மல்பெரி இலை என்று நல்ல கீரையாகப் போடுங்கள், அது வயிற்றோடு அப்படியே டிராகனுக்குப் போகும்.

குன்னூர்_ஒயரிங்

பெருக்க வேண்டாம் என்று காபித் தோட்டத்து அண்ணன் சொன்னார். எனக்கு அதில் பாதி சம்மதம். மாதம் எத்தனை தேவை என்று பார்ப்போம். எட்டு மாத டிராகனுக்கு ஒரு நாளைக்கு 10, 12 குட்டி என்றால் மாதம் 300-இலிருந்து 360. ஒரு பெண் டூபியா நல்ல சூட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 25 குட்டி ஈனும் என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்குப் பன்னிரண்டு. அப்போது 30 பெண், எட்டுப் பத்து ஆண் இருந்தால் கணக்கு சரியாகிவிடும். ஆனால் பிறந்த குட்டி பெரிதாகித் தானே ஈன நாலைந்து மாதம் பிடிக்கும். அதுவரை தாய்க்கூட்டத்தில் கை வைக்கக் கூடாது. அதற்குள் உங்கள் டிராகன் ஒரு வயதைத் தாண்டி, வாரம் 30, 40 பூச்சிக்கு இறங்கிவிடும். ஒரே ஒரு டிராகனுக்கு, கோத்தகிரியில், பெட்டி போடுவது அவசியமில்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. இரண்டு மூன்று டிராகன் இருந்தாலோ, நாலு வீட்டார் சேர்ந்து ஒரு பெட்டி வைத்தாலோ அர்த்தம் உண்டு.

போடுகிறவர்களுக்காக முறையைச் சொல்கிறேன். 50, 60 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி, உட்சுவர் வழவழப்பாக, வெளிச்சம் ஊடுருவாத நிறத்தில். மூடியில் ஜன்னல் வெட்டி ஸ்டீல் வலை ஒட்டுங்கள். பிளாஸ்டிக் வலையைக் கடித்துவிடும். முட்டை அட்டைகளைப் படுக்கவைக்காமல் நிறுத்திவையுங்கள், கழிவு கீழே உதிரும். 30 வாட் ஹீட் மேட்டை (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பை) பெட்டியின் ஒரு பக்கச் சுவரில் வெளியே ஒட்டுங்கள். மறுபக்கம் குளிர்ச்சியாக இருக்கட்டும், பூச்சி தனக்கு வேண்டிய இடத்துக்குத் தானே போகும். கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டிகளில் போடும் டிஜிட்டல் தெர்மோஸ்டாட் போதும், 31-இல் வையுங்கள். சென்சார் கம்பியை ஹீட் மேட் உள்ள பக்கத்தில் பெட்டிக்குள் ஒட்ட வேண்டும். பெட்டிக்கு வெளியே தொங்கவிட்டால் அறைக் குளிரைப் பார்த்து மேட்டை அணைக்காமல் ஓடவிடும், உள்ளே வெந்துவிடும்.

சூடு வெளியேறாமல் இருக்கச் சுற்றிலும் தெர்மோகோல் வைக்கலாம், ஆனால் ஹீட் மேட்டின்மேல் நேராகத் தெர்மோகோல் படவே கூடாது. நடுவில் பிளைவுட் துண்டும் காற்றிடைவெளியும் விடுங்கள். ஃப்யூஸ் உள்ள பிளக்கில் மட்டும் இணையுங்கள். 30 வாட் நாள் முழுக்க ஓடினாலும் மாதம் 22 யூனிட்டுக்குள்தான், தெர்மோஸ்டாட் அணைத்து அணைத்துப் போடுவதால் அதைவிடக் குறையும்.

பண்ணைக்காடு_காபி

இவ்வளவு தெளிவாகச் சொன்னதற்கு நன்றி சார். நாலு வீட்டார் சேர்ந்து ஒரு பெட்டி என்பது நல்ல யோசனை. பொறுப்பு ஒருவரிடம் இருக்கும், தப்பிக்கும் வாய்ப்பும் ஒரே வீட்டோடு நிற்கும்.

மழைக்காலத்துக்கு ஒன்று சேர்க்கிறேன். அக்டோபர், நவம்பரில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். ஈரமான தவிட்டில் பூஞ்சையும் சிற்றுண்ணியும் ஏறினால் மொத்தப் பெட்டியும் போய்விடும். அந்த மாதங்களில் காயை மாலையில் போட்டு, மறுநாள் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். தவிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். அட்டை நமத்துப்போனால் தயங்காமல் மாற்றுங்கள்.

ஊட்டி_அம்மா

குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். என் மகனுக்கு வீசிங் உண்டு, அதனால்தான் கேட்கிறேன். இந்தக் கரப்பான் தூசி ஒத்துக்குமா? எங்கள் வீட்டில் குளிருக்காக ஜன்னல் எப்போதும் மூடியே இருக்கும். மகன் டிராகன் கேட்டு அடம்பிடிக்கிறான்.

கால்நடை_டாக்டர்

அம்மா, கவனமாக இருக்க வேண்டிய விஷயம். கரப்பானின் கழிவிலும் உதிர்ந்த தோலிலும் உள்ள புரதங்கள் ஆஸ்துமாவைத் தூண்டும் என்பது நன்றாக நிறுவப்பட்டது. டூபியா போன்ற வளர்ப்புக் கரப்பான்களைக் கையாள்பவர்களுக்கும் ஒவ்வாமை வருகிறது. மூடிய அறையில், வீசிங் உள்ள குழந்தை தூங்கும் வீட்டில், கரப்பான் பெட்டி வைக்க நான் சொல்ல மாட்டேன். முதலில் பையனின் டாக்டரிடம் பேசுங்கள்.

டிராகன் வளர்த்தே ஆக வேண்டும் என்றால் பட்டுப்புழு ஒரு வழி. மென்மையானது, கொழுப்புக் குறைவு. உடுமலைப்பேட்டை, கோபிப் பக்கம் பட்டு வளர்ப்பவர்கள் நிறைய. மருந்து படாத மல்பெரி இலையில் வளர்ந்ததா என்று கேட்டு வாங்க வேண்டும். கறுப்புச் சிப்பாய் ஈயின் புழு இன்னொன்று, பூச்சித் தீனிகளில் கால்சியம் இயல்பிலேயே அதிகம் உள்ளது அதுதான். ஆனால் குப்பை மட்கவைக்கும் இடத்தில் வளர்ந்த புழுவை வாங்காதீர்கள், தவிட்டில் வளர்த்ததாக இருக்க வேண்டும். மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: பெட்டியைச் சுத்தம் செய்யும்போது முகக்கவசம் போடுங்கள், வீட்டுக்குள் தட்டி உதறாதீர்கள், முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

ஊட்டி_அம்மா

ரொம்ப நன்றி டாக்டர். பையனின் டாக்டரைக் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டேன்.

கோத்தகிரி_தேயிலை

எல்லோருக்கும் நன்றி. முடிவு செய்துவிட்டோம். டூபியா நடுத்தரக் குட்டிகள் 200 வாங்கி, பெருக்காமல், தீனியாக மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறோம். வாரத்தில் இரண்டு நாள் பட்டுப்புழு கிடைத்தால் அதுவும். பெட்டி சமையலறையில் இல்லை, மாடிப்படிக்கு அடியில் உள்ள அறையில். மாமியாருக்கு இந்த இழையை வாசித்துக் காட்டினேன். குட்டி ஈனும், ஏறாது, குளிரில் பெருகாது என்றதும் சரி என்றார். ஆனால் மூடிக்குப் பூட்டு வேண்டும் என்கிறார், போட்டுவிடுகிறேன்.

கடைசியாக ஒன்று. கோவையிலிருந்து பஸ் பார்சலில் வரவழைத்தால் ஜனவரியில் தாங்குமா? அந்த அறையில் ராத்திரி 13 டிகிரி வரை போகும்.

பண்ணைக்காடு_காபி

பகல் பஸ்ஸில் அனுப்பச் சொல்லுங்கள். ராத்திரி பஸ் வேண்டாம். தெர்மோகோல் பெட்டிக்குள் அட்டை டப்பா, டப்பாவுக்குள் கசக்கிய செய்தித்தாள், ஒரு கேரட் துண்டு. மூடியில் நாலைந்து துளை. மேட்டுப்பாளையம் தாண்டியதும் குளிர் ஏறும், ஆனால் இரண்டு மணி நேரத்தில் உங்கள் கைக்கு வந்துவிடும். வந்ததும் அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். அறைச் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள், கால் அசைக்கும். விளக்கடியில் கொண்டுபோய் வைத்துச் சட்டென்று சூடேற்ற வேண்டாம்.

13 டிகிரி ஓரிரு ராத்திரிக்குத் தாங்கும். அதுவே நாள்கணக்கில் தொடர்ந்தால் தின்னாமல் மெல்லச் செத்துக்கொண்டே வரும். ஜனவரி, பிப்ரவரிக்கு மட்டும் பெட்டியை ஃப்ரிட்ஜின் பின்பக்கம், கம்ப்ரஸர் சூடு வரும் இடத்துக்குப் பக்கத்தில் நகர்த்துங்கள். காற்று போக இடம் விட்டு வையுங்கள். சமையலறைக்குள் வர மாமியார் சம்மதிக்காவிட்டால், டிராகன் பெட்டிக்கு மேல் அலமாரி அடித்து அங்கே வையுங்கள். கீழே விளக்கு எரியும் பகலில் 20-க்குக் குறையாது.

குன்னூர்_ஒயரிங்

அலமாரி அடித்தால் விளக்கின் ஹோல்டருக்கும் பலகைக்கும் நடுவே ஒரு அடியாவது விடுங்கள் மேடம். அளவு எடுத்து இங்கே போடுங்கள், சரியா என்று பார்த்துச் சொல்கிறேன்.

கோத்தகிரி_தேயிலை

ஞாயிற்றுக்கிழமை தச்சர் வருகிறார். அளவோடு எழுதுகிறேன்.